தலை பிடிக்கிற ஆள்

கட்டிலில் கிடக்கும் ஒரு மனுசனைப் புரட்டிப் போட நாலு பேர் வேண்டும் என்பது தாணுமாலையனுக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவர் ஒற்றை ஆளாகவே எத்தனையோ பேரைப் புரட்டியிருக்கிறார். கழுத்து, தோள், இடுப்பு என்று மனுசரில் கணக்கு வைக்கவில்லை. ஒருதடவை கரமனைப் பால்காரர் ஒருவரின் எருமைக்குக்கூட முன்னங்காலைப் பிடித்துவிட்டிருக்கிறார். எருமை மறுநாள் நடந்தது. அதுதான் அவருடைய சர்டிபிகேட்.

“தலை பிடிக்கிற ஆளு பறயும். மத்த மூணு பேரும் கேக்கணும்,” என்றாள் சிஸ்டர் மாளவிகா. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வார்டில் அவள் பேசிய தமிழ் பாறசாலை எல்லையில் பொறுக்கியது. “ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பறஞ்ச பின்னதான் புரட்டணும். ரெண்டுல ஒருத்தர் இழுத்தா ஆளு போச்சு. பலகையப் புரட்டற மாதிரி தலையும் இடுப்பும் காலும் ஒண்ணா வரணும். கழுத்து திரிஞ்சு போகக்கூடாது. மனசிலாயோ?”

“மனசிலாயி சிஸ்டர்,” என்று எல்லாருக்கும் முந்திச் சொன்ன தாணுமாலையன், எல்லாருக்கும் முந்திப் போய்க் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

“சேட்டன் தலை பிடிக்கலாமே. நல்ல கைபலம் உண்டல்லோ.”

“விரல்ல ஒரு பிடிப்பு சிஸ்டர். எனக்குக் காலு போதும். சின்னதுலேருந்தே ஊரான் காலைப் பிடிச்சுப் பொழச்சவன்தானே.”

சிஸ்டர் சிரித்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கலைச்செல்வி சிரிக்கவில்லை. அவள் தாணுமாலையனின் கூடப்பிறந்த தங்கச்சி. கட்டிலில் கிடந்தவன் அவள் புருசன் ராஜமணி. ஓடு மாற்றும்போது கூரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நழுவியவன். ஐஸ்கட்டி தூக்கும் இடுக்கிபோல ஒன்று அவன் மண்டையின் இரண்டு பக்கமும் கவ்வியிருந்தது. அதிலிருந்து போன கயிறு கட்டில் தலைமாட்டில் ஒரு கப்பி வழியாக இறங்கி, நுனியில் இரும்பு எடைகளோடு தொங்கியது. விலகின எலும்பை இழுத்து நிறுத்தத்தான் அந்த எடை.

“மச்சான், வாளி தண்ணியத் தொட்டுட்டுதா, எட்டிப் பாருங்க,” என்றான் ராஜமணி, கண்ணை மட்டும் உருட்டி.

“இன்னும் ரெண்டு முழம் கயிறு வேணும் மாப்ள,” என்றார் தாணுமாலையன்.

இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வேறு என்ன பேசுவது?

காலைப் பிடிப்பதில் ஒரு சௌகரியம், முகத்தைப் பார்க்க வேண்டாம். ராஜமணியின் கால்நகங்களுக்குள் கூரைப்பாசி பச்சையாக இன்னும் ஒட்டியிருந்தது. தாணுமாலையன் ஒரு தீக்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தார். பத்து விரலுக்கும் எடுத்தார். கூச்சம் தாங்காத பயல் அவன். வேலைக்கு நடுவே கெண்டைக்காலில் எறும்பு ஏறினாலே கூரையில் நின்று ஆட்டம் போடுவான். இப்போது குச்சி குத்தியதுகூடத் தெரியாமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

●

தாணுமாலையனுக்குச் சுசீந்திரம் பக்கம். பதினேழு வயதில் திருவட்டாறுக்குப் போகும் வழியில் ஒரு வர்ம ஆசான் வீட்டில் எட்டு மாதம் இருந்தார். இருந்தார் என்றால் பச்சிலை அரைத்தார், எண்ணெய் கிண்டினார், வைத்தியத்துக்கு வந்தவன் துள்ளாமல் காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தலைமாட்டில் ஆசான் கை போகிற போக்கைப் பார்த்துவைத்தார். விழுந்து அடிபட்டு வந்தவர்களை மட்டும் ஆசான் உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவார். அங்கே என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது தாணுமாலையன் படிக்காத பாடம். படிப்பதற்குள் ஓடி வந்துவிட்டார். மூன்று நேரமும் கஞ்சி. ரோட்டுக்கு இறங்கினால் மார்த்தாண்டத்தில் பரோட்டா. சாஸ்திரமும் பரோட்டாவும் மோதினால் பதினேழு வயதில் எது ஜெயிக்கும்?

திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் பெயின்ட் அடித்தார், ஓடு மாற்றினார். ஆனால் கிள்ளியாற்றங்கரையில் அவர் குடியிருந்த லைன் வீட்டில் அவருக்குப் பெயர் ஆசான்தான். முதலில் கேலிக்குக் கூப்பிட்டார்கள். பிறகு கழுத்துப் பிடித்துக்கொண்ட பரோட்டா மாஸ்டரும் சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரரும் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தலையைப் பிடித்து அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. சடக், சடக். “ஆங், வலி போயிட்டு ஆசானே!” கூலி ஒரு சாயா. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் நாளே விடியும்.

கல்யாணம் அவருக்கு ஆகவில்லை. காரணம் வருடத்துக்கு ஒன்று சொல்வார். அம்மா செத்ததும் பதினைந்து வயது இளைய தங்கச்சியை இங்கே கூட்டிவந்து, தன்னோடு வேலைபார்த்த ராஜமணிக்கே கட்டிவைத்தார். “கையில தொழில் இருக்கு, வாயில பொகயில இல்ல, எனக்க தமாசுக்குச் சிரிக்கவும் செய்வான். இதுக்குமேல என்ன வேணும்?” என்று அன்றைக்குச் சொன்னார். சிரிக்கத்தான் செய்தான் ராஜமணி. எட்டு வருடமாகச் சிரித்தான்.

●

ராஜமணி விழுந்தது வலியசாலையில், சேஷன் சார் வீட்டு முற்றத்தில். ஆடி பிறக்க நாலு நாள் இருந்தது. அக்ரஹாரத்தில் மழை கனப்பதற்குள் ஓடு மாற்றிவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள். வேலை இப்படி: கீழே நிற்கிறவர் இரண்டிரண்டு ஓடாக மேலே வீசுவார், கூரையில் நிற்கிறவன் நெஞ்சோடு சேர்த்து ஏந்துவான். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். பழகினவர்களுக்கு ஊஞ்சல் மாதிரி. வீசுகிற கையும் ஏந்துகிற கையும் பார்த்துக்கொள்வதுகூடக் கிடையாது. தாணுமாலையன் வீச, ராஜமணி ஏந்த, எட்டு வருடத்தில் உடைந்த ஓடு ஒரு கூடைக்கு வராது.

பத்தரைக்குச் சாரின் வீட்டுக்காரி விஜயலக்ஷ்மி மாமி அடையும் சம்பார மோரும் கொடுத்தாள். சேஷன் சார் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு நாற்காலியில் தூங்கினார். ராஜமணி ஏணியில் ஏறும்போது, “ஒரு அடை கூடப் போயிட்டு மச்சான். கூரை தாங்குமான்னு பாருங்க,” என்றான்.

கூரை தாங்கவில்லை. அடையால் அல்ல, உளுத்த கைமரம். சாரல் விழுந்த பாசியில் ஒரு கால் வழுக்கி, மறுகால் மரத்தில் ஊன்ற, மரம் முறிந்து, ஓடும் ஆளுமாக முற்றத்துத் துவைகல்லின் ஓரத்தில் தலைகுப்புற வந்து விழுந்தான்.

தாணுமாலையன் ஓடிப்போய் மல்லாக்கத் திருப்பினார். ராஜமணி கண் திறந்திருந்தது.

“மச்சான், எத்தன ஓடு போச்சு?”

“ஓடு கெடக்கு சவம். உனக்கு எங்கெல்லாம் வலிக்கி?”

ராஜமணி எழுந்திருக்கப் பார்த்தான். வலது கால் ஒரு உதை உதைத்தது. பக்கத்திலிருந்த மாமியின் வெண்கலச் செம்பு கல்லில் மோதி, டண் என்று உருண்டு ஓடைவாயில் போய் நின்றது.

“கழுத்துலதான் ஒரு மாதிரி பிடிச்சாப்பல இருக்கு. ஒரு சொடக்கு எடுத்துவிடுங்க மச்சான்.”

பின்னால் போய் உட்கார்த்தி, முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து, தாடைக்கு அடியில் இரண்டு கையும் கோத்துத் தலையை மேலே தூக்கி ஒரு திருப்பு. ஆயிரம் பேருக்குச் செய்ததுதான்.

சடக்.

“ஆங்,” என்றான் ராஜமணி. “வலி போயிட்டு மச்சான்.”

தாணுமாலையன் தலையைத் திருப்பி, அடுக்களை வாசலில் நெஞ்சில் கைவைத்து நின்ற மாமியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பாத்தியளா மாமி என்கிற சிரிப்பு. மூச்சு ஒன்றோ இரண்டோ விடுகிற நேரம்தான். பிற்பாடு எல்லாவற்றையும் சொல்லத் துணிந்த நாளிலும் அந்தச் சிரிப்பை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

“மச்சான்,” என்றான் ராஜமணி, அவர் மடியில் சாய்ந்தபடி. “எனக்க காலு எங்க?”

●

ஆம்புலன்ஸ்காரன் வந்ததும் முதலில் கழுத்துக்குப் பட்டை போட்டான். “ஆரெங்கிலும் பொக்கியோ? பிடிச்சு இருத்தியோ?” என்று கேட்டான், யாராவது தூக்கி உட்காரவைத்தார்களா என்று. தாணுமாலையன் உடைந்த ஓடுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது காதில் விழாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் நரைத்த தாடிக்காரர், பொறுமையான மனுசன். “விழுந்த உடனே காலு அசைஞ்சுதா? இல்ல, விழுந்தப்பவே போயிட்டுதா? நல்லா ஓர்த்துப் பறயணும்.”

“விழுந்தப்பவே போச்சு சார்.”

கலைச்செல்வி பக்கத்தில்தான் நின்றாள். அண்ணன் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. பார்த்தது எல்லாம் தமாஷ்தான். ராஜமணியும் ஸ்ட்ரெச்சரில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மயக்கமாக இருக்கும் என்று தாணுமாலையன் நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் கழுத்தின் முன்பக்கம் கீறி, உள்ளே ஒரு தகடும் திருகுகளும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். இடுக்கி போய், தாடை முதல் மார்பு வரை ஒரு கனத்த பட்டை வந்தது. கை இரண்டும் முழங்கையில் மடங்கும், விரல் மடங்காது. மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. எலும்பை நேராக்கலாம், உள்ளே போகிற நரம்புத் தண்டு நசுங்கினது நசுங்கினதுதான் என்று டாக்டர் சொன்னார். இனி வைத்தியம் என்பது புரட்டுவதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகும். புண் குழியாகும். அந்தக் குழியில்தான் ஆட்கள் போவது.

வீட்டுக்கு அனுப்பின நாளில் தாணுமாலையன் டாக்டரைத் தனியாகப் பிடித்தார்.

“சார், எங்க நாகர்கோவில்ல ஒருத்தன். அவனுக்க கதை கேளுங்க. தெங்குலேருந்து விழுந்திருக்கான். காலெல்லாம் ஆடியிருக்கு. பக்கத்துல நின்ன ஒரு கிறுக்கன் கழுத்தப் பிடிச்சு ஒரு சொடக்கு... அதனால வல்லதும் கெடுதி ஆகுமா சார்?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். நாகர்கோவில்காரனின் கைகளைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஆகும். விழுந்து கிடக்கிறவனுக்க கழுத்த யாரும் தொடக்கூடாது. எழுப்பக்கூடாது, இருத்தக்கூடாது, தண்ணிகூடக் கொடுக்கக்கூடாது. கிடக்கிறபடி கிடக்கணும்.” கண்ணாடியைத் துடைத்தார். “பின்னே, தொடாம இருந்தாலும் உள்ள வீங்கிக் காலு போகலாம். எதனால போச்சுன்னு இனி ஒருத்தராலும் பறய முடியாது. ஆனா முதல்ல ஆடிச்சுன்னு அன்னைக்கே அறிஞ்சிருந்தா, டாக்டர்மார் கொஞ்சம் வேகம் கூட்டியிருப்பாங்க.”

“கூட்டியிருந்தா கால் வந்திருக்குமா சார்?”

“அப்படி நான் பறயல.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “அந்த நாகர்கோவில்காரன்கிட்ட சொல்லணும், இனி ஒருத்தர் கழுத்தையும் தொட வேண்டாம்னு.”

“சொல்லுதேன் சார்,” என்றார் நாகர்கோவில்காரன்.

●

லைன் வீட்டில் மூன்று பேருக்கும் ஒற்றை அறை. ஓட்டுக்கூரை, நடுவில் கட்டில், கட்டிலில் காற்றடைத்த மெத்தை. செவ்வாய்க்கிழமை, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற பாலியேட்டிவ் வண்டி வந்து மூத்திரக் குழாய் மாற்றி, முதுகைப் பார்த்துவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் கலைச்செல்விதான். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் அவள் பார்த்த அடுக்களை வேலை போயிற்று. வயிறு இளக்கி எடுக்கிற நாளில் அவள் கையுறை போட்டுக்கொள்ளும்போது ராஜமணி கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். மரச்சீனிக்கிழங்கு என்ன விலை, மத்தி வந்திருக்கா, எதுவாவது. கரண்டியை உள்ளங்கையில் பட்டை வைத்துக் கட்டிவிட்டால் கஞ்சியும் பயறும் அவனே வாய்க்குக் கொண்டுபோவான். பாதி கழுத்துப் பட்டையில் சிந்தும். “கழுத்துக்கும் பசிக்கும்லா,” என்பான்.

புரட்டுவதற்கு மூன்று பேர். கழுத்துப் பட்டையோடு தலை பிடிக்க அடுத்த வீட்டு சுமந்த் வருவான். வித்துரா ஊர்க்காரன், துணிக்கடையில் வேலை. வேலைக்குப் போகிற நேரத்தில் அவன் பெண்டாட்டி வருவாள். இடுப்புக்குக் கலைச்செல்வி. காலுக்குத் தாணுமாலையன்.

“அண்ணே, ஆசான்னு ஊரெல்லாம் பேரு. நீங்க தலையப் பிடிக்காம சுமந்த் பிடிக்கான். பாக்கதுக்கே ஒரு மாதிரி இருக்கு,” என்பாள் கலைச்செல்வி.

“ஆசான் காலத் தொட்டுத்தான் கும்பிடணும் எல்லாரும். நான் மாறித் தொடுதேன்.”

“எப்ப பாத்தாலும் வெளாட்டு.”

ஊருக்கு அவர் இன்னும் ஆசான்தான். அதற்கும் மேலே ஒரு படி ஏறியிருந்தார். ஆசான் பக்கத்தில் நின்றதால்தான் ராஜமணி உயிராவது தப்பினான் என்று ஒரு பேச்சு கிளம்பி சாலைக் கம்போளம் வரை போயிருந்தது. காலையில் வாசலில் வந்து உட்கார்கிறவர்களிடம், “கை சுளுக்கு,” என்று சொல்லி அனுப்பினார். “ஆசானுக்கே சுளுக்கா? யாருகிட்ட காட்டினீரு?” என்று அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவரும் சிரித்தார்.

ஆனால் கலைச்செல்வியை அப்படி அனுப்ப முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் அவருடைய எண்ணெய்க் குப்பிகள் மூன்று வரிசையாக இருந்தன. அதை எடுத்து அவள் தினமும் முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்ப்பாள். ஒவ்வொரு விரலாகச் சொடக்கெடுத்துவிட்டு அவனிடம் கேட்பாள், “தெரியுதா?” அவன், “தெரியுதாப்பல இருக்கு,” என்பான். மனசறிந்த பொய். பிறகு அவள் அண்ணனைப் பார்ப்பாள்.

“ஒரு தடவ நீங்க பாருங்கண்ணே. பெரிய பெரிய சுமட்டுக்காரன் கழுத்தெல்லாம் நேராக்கினீங்க. எனக்கு இருக்கது இவரு ஒருத்தருதானே. டாக்டர் சொல்லத டாக்டர் சொல்லட்டும். உங்க கையி பட்டா வரும்ணே.”

“நாள் பாக்கணும் கலை. இது சாமானியப்பட்ட நரம்பு இல்ல.”

“எந்த நாளு?”

“சொல்லுதேன்.”

திருவோணம் கழியட்டும் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

●

திருவோணத்தன்றைக்கு லைன் வீட்டில் ஆள் இல்லை. சுமந்த் விடிந்ததும் வந்து தலை பிடித்துவிட்டுப் பெண்டாட்டியோடு வித்துராவுக்கு பஸ் ஏறினான். சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பன்னிரண்டு மணிப் புரட்டலுக்குக் கோடிவீட்டுக்காரர் வந்தார். அவரும் ஓணச் சத்ய விருந்து சாப்பிட மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கு விஜயலக்ஷ்மி மாமி வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, சேற்றுக்குப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் வெண்கலச் செம்பு நிறைய அடைப்பிரதமன் பாயசம்.

“சூடா சாப்பிடு ராஜமணி. தேங்காய்ப்பால் நானே பிழிஞ்சேன், கேட்டியா. மாமா வரணும்னார், முட்டு வலி. ஏண்டா, இளைச்சுட்டியே!”

“படுத்தே சாப்பிடுதேன் மாமி, இருந்தும் இளைக்கி.”

கலைச்செல்வி செம்பை வாங்கினாள். செம்பின் வயிற்றில் ஒரு நசுங்கின சொட்டை. விரல் அதில் போய் நின்றது.

“அதுவா? உன் ஆத்துக்காரன் கைங்கரியம்தான்,” என்றாள் மாமி. “மாத்தலாம்னார் மாமா. நான்தான் வேண்டாம்னேன். இதைப் பாக்கறச்சே எல்லாம் எனக்கு ஒரு தைரியம், அல்லே? விழுந்தப்புறம்தானே உதைச்சான்? என்னமா உதைச்சான்! உருண்டு ஓடைவாய்க்குப் போச்சே. அப்படி உதைச்ச காலு சும்மா போயிடுமா? வரும், பாத்துண்டே இரு. தாணுகூட உடனே பிடிச்சு உக்காத்தி வச்சுத் தலையைப் பிடிச்சு என்னவோ பண்ணினானே, வலி போயிடுத்துன்னு இவன் சொன்னானே, நான் அங்கேயேதானே நின்னேன்.”

தாணுமாலையன் வாசற்படியில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

மாமி இன்னும் கொஞ்சம் இருந்தாள். மருமகள் ஜானவி பெங்களூரில் பூக்களம் போட்ட கதையைச் சொன்னாள். பிறகு ஆட்டோக்காரன் ஹார்ன் அடிக்கவும், செம்பு மெதுவா வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கலைச்செல்வி செம்பை இறக்கவே இல்லை.

“அண்ணே. விழுந்த பொறவு அவரு காலு ஆடிச்சா?”

நாக்கில் மூன்று பதில் வந்தது. மூன்றும் தமாஷ். அவர் மூன்றையும் விழுங்கினார்.

“ஆடிச்சு.”

“டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

“சொன்னேன்.”

“ஆடின காலு பொறவு எப்பம் போச்சு?”

தாணுமாலையன் தன் கைகளைப் பார்த்தார். வாழைத்தண்டின் நூல் விரல்களில் சுற்றியிருந்தது. “இந்தக் கை பட்ட பொறவு,” என்றார்.

கட்டிலிலிருந்து ராஜமணி குரல் வந்தது. “நான்தான் கேட்டேன் கலை. பிடிச்சாப்பல இருக்கு, ஒரு சொடக்கு எடுங்கன்னு நான்தான் கேட்டேன். கேக்காம அவரு தொடல.”

அவள் மெல்லத் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்க கழுத்து எனக்குத் தெரியாதா?”

“ரெண்டு பேருமா!” என்றாள். “ஒண்ணரை மாசம் ரெண்டு பேருமாச் சேந்து... எதுக்கு? நீங்க எதுக்கு மறைச்சீங்க? அண்ணன் பயந்தாரு, சரி. உங்களுக்கு என்ன?”

“உனக்குத் தெரிஞ்சா மச்சான வாசல்ல ஏத்த மாட்ட. பொறவு நீ ஒத்தைக்கு என்ன எப்படிப் புரட்டுவ?”

கலைச்செல்வி செம்பைக் கீழே வைத்தாள். ஜன்னல் பக்கம் போனாள். மூன்று குப்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே ஓடையில் கவிழ்த்தாள். அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை. மழைத்தண்ணீரில் எண்ணெய் வானவில் நிறத்தில் படர்ந்து ஓணப் பூக்களோடு ஆற்றுப் பக்கம் போயிற்று.

“தெனமும் தேச்சேனே,” என்றாள். “ஒரு நாளு விடாம. உங்க கையி வந்து படுகது வரைக்கும் நரம்பு காயாம இருக்கட்டும்னு தேச்சேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. நாளு பாக்கணும்னீங்க.”

“டாக்டர்கிட்ட கேட்டேன் கலை. தொடாம இருந்தாலும் போயிருக்கலாம்னு சொன்னாரு.”

“இருக்கலாம்னா?”

“தெரியாதுன்னு அர்த்தம்.”

“அப்பம் நான் சாகுற வரைக்கும் தெரியாமலே இருக்கணும். அப்படித்தானே?”

“அப்படித்தான் மக்களே. நானும்.”

“போங்க,” என்றாள். “எங்கயாம் போங்க. எனக்க கண்ணுல படாம.”

தாணுமாலையன் எழுந்தார். செருப்பைத் தேடினார். காலுக்கு முன்னால்தான் கிடந்தது, தெரியவில்லை. எட்டாவது வீட்டில் யாரோ ஓணப்பாட்டு போட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருடமாக இந்த லைனில் அவருக்குப் போக இடம் என்று ஒன்று வேண்டியிருக்கவில்லை. எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டி நின்றபோது, அறைக்குள் கோழி கூவியது.

கலைச்செல்வியின் போன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கூவும்படி சுமந்த் வைத்துக்கொடுத்த அலாரம். எந்த நேரத்தில் கூவினாலும் ராஜமணி, “விடிஞ்சிட்டுது,” என்பான். இன்றைக்குக் கோழி மட்டும் நிறுத்தாமல் கூவிற்று.

அவள் போய் அதை அமர்த்தினாள். கட்டிலருகே நின்றாள். தலைமாட்டைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். ஓணத்தன்றைக்கு இரண்டு மணிக்கு யாரைப் போய்க் கூப்பிடுவது?

“வாங்க,” என்றாள், முகம் பார்க்காமல்.

தாணுமாலையன் ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கை கழுவினார். வழக்கம்போலக் கால்மாட்டுக்குப் போனார்.

“அங்க இல்ல. தலைக்கு.”

“கலை, நீ தலையப் பிடி. நான் இடுப்பும் காலும்...”

“இடுப்பு கனம் எனக்குத்தான் பழக்கம். அடித்துணியப் பிடிச்சு இழுத்தா நானே இடுப்பையும் காலையும் கொண்டுவந்திருவேன். நீங்க தலையப் பிடிங்க.”

“எனக்குப் பயமா இருக்கு மக்களே.”

“அன்னைக்குப் பயமில்லாம பிடிச்சீங்கல்லா?” என்றாள். அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஒரு பொட்டு இரக்கம் இல்லை. “இன்னைக்குப் பயந்து பிடிங்க. இனிமே நாலு மணிக்கும் நீங்கதான். ஆறு மணிக்கும் நீங்கதான். சுமந்த் வந்தாலும் நீங்கதான்.”

அவர் தலைமாட்டுக்குப் போனார். சிஸ்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருந்தது. இரண்டு கையையும் தோளுக்கு அடியில் கொடுத்து, முன்கை இரண்டும் தலைக்கு இரண்டு பக்கமும் அணையாக நிற்க, பட்டையோடு சேர்த்துத் தாங்கினார். ஆயிரம் தலைகளைப் பிடித்த கை அது. தலைக்கு இவ்வளவு கனம் உண்டென்று அதுவரை அதற்குத் தெரியாது.

கலைச்செல்வி அடித்துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள். தலை பிடிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

“ஒண்ணு,” என்றார். “ரெண்டு.”

மூன்று வரவில்லை. கையை எடுத்துக் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. ஒரு சொட்டு மூக்கு நுனியில் வந்து நின்று, ராஜமணியின் நெற்றியில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. அவன் உடம்பில் ஈரம் தெரிகிற கொஞ்ச இடத்தில் அதுவும் ஒன்று.

ராஜமணி கண்ணை மேலே உருட்டினான். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தான், தொழில்காரன் பார்க்கிற பார்வையாக.

“மச்சான்,” என்றான், “மேல ஒரு ஓடு ஒழுகுது, பாத்துக்கிடுங்க. மாத்தணும்.”

“மாத்திரலாம் மாப்ள,” என்றார் தாணுமாலையன். “மூணு.”